ஃபோர்ட் கேனிங் மலையில காணாமப்போன கிட்டங்கிகளுக்காக ஒரு திறந்த மடல்

ஃபோர்ட் கேனிங் மலையைப் பராமரிக்கிற, அதோட வரலாற்றை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ற பொறுப்புல இருக்குற சிங்கப்பூர் அதிகாரிகள் எல்லாருக்கும்,

வணக்கம்ங்க.

நான் வரலாறு படிச்சவன் கிடையாது, ஸ்டோர்கீப்பர். ஜூரோங் பக்கம் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ல 31 வருஷம் இருந்தேன். சாமான் வந்தா டிஓ, அதாவது டெலிவரி ஆர்டர் சீட்டு பார்த்து எண்ணி உள்ள வெக்கறது, வேணும்னு வந்து நின்னா கையெழுத்து வாங்கிட்டு எடுத்துக் குடுக்கறது, வருஷக் கடைசியில ராக்கு ராக்கா ஏறி ஸ்டாக் எடுக்கறது, இதான் என் பொழப்பு. இப்ப ரிட்டயர் ஆகி சனிக்கிழமை காலையில தோபி காட் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கி மலை மேல ஏறி நடக்கறது பழக்கமாயிடுச்சு, டாக்டர் நடக்கச் சொன்னதால ஆரம்பிச்சேன், அப்புறம் அந்த மலையே பிடிச்சுப்போச்சு. அந்த நடையில எனக்கு மனசுல தோணினதைத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க ப்ளீஸ்.

விஷயம் இதான். மலை உச்சியில ஒரு கோட்டை இருந்துச்சு. 1859ல கட்ட ஆரம்பிச்சு 1861ல முடிச்சாங்க. இன்னிக்கு அதுல மிச்சம் இருக்கறது அந்தப் பெரிய கேட்டு, பக்கத்துல கொஞ்சம் மதில், 9 ராத்தல் (பவுண்டு) குண்டு போடற பீரங்கி ரெண்டு, கீழ சரிவுல ஆள் குனிஞ்சு வெளிய போற மாதிரி ஒரு ரகசிய வாசல். எல்லாரும் கேட்டுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க, நானும் எடுத்திருக்கேன். ஆனா கேட்டுங்கறது எதுக்கு? உள்ள ஏதோ இருக்குன்னுதானே கேட்டு போடுவாங்க. அந்த உள்ள இருந்த சமாச்சாரம் எங்க? துப்பாக்கி, தளவாடம் வெச்ச ஸ்டோர், வெடிமருந்துக் கிடங்கு, ஆஸ்பத்திரி, சிப்பாய்ங்க படுத்த பாரக்ஸ், சோறு பொங்கின இடம், தண்ணி பிடிச்சு வெச்ச இடம், விளக்குக்கு எண்ணெய் வெச்ச ரூமு, இதெல்லாம் தரையில எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அங்க நின்னு பார்க்குற ஒருத்தருக்குக் கண்ணால புரியணும். அதைத்தான் உங்ககிட்ட கேக்கறேன். திருப்பிக் கட்டச் சொல்லல. அடையாளம் போடுங்கன்னு கேக்கறேன்.

இந்தக் கோட்டை எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இதுல மதராஸ் சம்பந்தம் இருக்குன்னே தெரியாது. 1857ல இந்தியாவுல சிப்பாய் கலகம் வெடிச்சதும் இங்க இருந்த வெள்ளைக்காரங்களுக்கும் பயம் வந்துடுச்சு, ஊர்ல ஏதாவது ஆனா போய் ஒளிய ஒரு இடம் வேணும், கடல் பக்கம் இருந்து யாராவது வந்தா சுடறதுக்கும் ஒரு இடம் வேணும்னு கேட்டாங்க. அப்ப சிங்கப்பூரு கல்கத்தாவுல இருந்து ஆட்சி நடந்த காலம். 1858ல மதராஸ் எஞ்சினியர்ஸ் படையில இருந்து கேப்டன் காலியர்னு ஒருத்தரை அனுப்புறாங்க. காலியர் கீ, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அவர்தான். அவர் வந்து பார்த்துட்டு மலை உச்சியில ராஃபிள்ஸ் 1822ல இருந்து வீடு வெச்சிருந்த இடத்துல, பின்னாடி கவர்னருங்க இருந்த அந்தப் பங்களாவை இடிச்சுட்டு, கோட்டையைப் போடறார். மலை உச்சியைச் சமமா வெட்டினது சுமார் 400 சீனக் கூலிங்க. பேரு வெச்சது அப்ப இந்தியாவோட கவர்னர் ஜெனரலா இருந்த கேனிங் பிரபுவுக்கு. கேனிங்குக்கு ஒரு மலை, காலியருக்கு ஒரு கடற்கரை ரோடு. வெட்டின 400 பேருக்கு எந்த ரோடும் இல்ல, இதை நான் குறையா சொல்லல, அந்தக் காலம் அப்படி. ஆனா இந்தக் காலத்துல நாம செய்யறதுக்கு ஏதாவது இருக்கும்ல?

கோட்டைன்னா ஜனங்க மனசுல பீரங்கிதான் நிக்குது. சரி, பீரங்கியில இருந்தே வருவோம். கடலைப் பார்த்து 7 பெரிய பீரங்கி, ஒவ்வொண்ணும் 68 ராத்தல் குண்டு போடறது. அப்புறம் 8 அங்குலக் குண்டு போடற பீரங்கி எட்டு, மார்ட்டர்னு சொல்ற 13 அங்குலக் குட்டைப் பீரங்கி ரெண்டு. இதைப் படிச்சதும் எனக்குள்ள இருக்குற ஸ்டோர்கீப்பர் முழிச்சுக்கிட்டான். 68 ராத்தல்னா கிட்டத்தட்ட 31 கிலோ. நம்ம அரிசி மூட்டை 25 கிலோ, அதைவிட 6 கிலோ கூட, அதுவும் உருண்டையா, வழவழன்னு இரும்பு. ஒரு பீரங்கிக்கு 100 குண்டுன்னு பேச்சுக்கு வெச்சுக்கோங்க, 7 பீரங்கிக்கு 700 குண்டு, அதுவே 21 டன்னுக்கு மேல வருது. அதைச் சுடணும்னா ஒவ்வொரு தடவையும் 16 ராத்தல் வரைக்கும் வெடிமருந்து போகும், ஏழு கிலோ சொச்சம், அப்ப 700 தடவைக்கு 5 டன் வெடிமருந்து. இது வெறும் 7 பீரங்கிக்கு. மார்ட்டர் குண்டு ஒண்ணு சுமார் 90 கிலோ, அதை ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும். இதெல்லாம் எங்கயாவது இறக்கி வெச்சிருக்கணும்ல? மழை படாம, துரு பிடிக்காம, கணக்கு தப்பாம, ராத்திரி இருட்டுல கூட கை வெச்ச உடனே கிடைக்கற மாதிரி வெச்சிருக்கணும். யாரோ ஒருத்தன் சாவிக்கொத்தோட அங்க நடந்திருக்கான். எனக்கு அவன்தான் அந்தக் கோட்டையில முக்கியமான ஆளு. ஸ்டோர் காலின்னா பீரங்கி வெறும் இரும்புக் குழாய். அதை எந்தப் பட்டாளத்துக்காரரைக் கேட்டாலும் சொல்வாரு.

வெடிமருந்துக் கிடங்கு பத்தி தனியா சொல்லணும். விக்டோரியா மகாராணி காலத்துல பிரிட்டிஷ் பட்டாளத்துல இதுக்குன்னு ஒரு நடைமுறை இருந்துச்சு, அதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, அவ்வளவு கவனம். உள்ள போறவன் சட்டைப் பையில இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு ஊசி, ஒரு கத்தி, ஒண்ணும். பூட்ஸ் கழட்டணும், அதோட அடியில இரும்பு ஆணி இருக்கும், கல்லுல உரசினா பொறி பறக்கும். அதனால உள்ள போடறதுக்குன்னே ஆணி இல்லாத செருப்பு தனியா வெச்சிருப்பாங்க, துணி மாத்தறதுக்கு வாசல்லயே ஒரு சின்ன ரூமு. வெடிமருந்து பீப்பாய்க்கு இரும்புப் பட்டை கிடையாது, செம்புப் பட்டை. கதவுக் கீல், தாழ்ப்பா இதெல்லாம் கூட பித்தளை, செம்பு. விளக்கு உள்ள போகவே போகாது, பக்கத்துல தனியா ஒரு இடுக்கு வழி, அங்க இருந்து கண்ணாடிக்குப் பின்னாடி விளக்கை வெச்சு வெளிச்சம் மட்டும் உள்ள விழற மாதிரி பண்ணுவாங்க. சுவத்துல காத்து போக ஓட்டை இருக்கும், ஆனா நேரா இருக்காது, வளைஞ்சு வளைஞ்சு போகும், வெளிய இருந்து ஒரு நெருப்புப் பொறி உள்ள வந்துடக் கூடாதுல்ல. பீப்பாயை அப்பப்ப உருட்டித் திருப்பி வெக்கணும், இல்லன்னா மருந்து ஒரு பக்கமா இறுகிடும்.

நம்ம ஊரு ஈரத்துல இதை யோசிச்சுப் பாருங்க. ஏசி, சிலிக்கா ஜெல் எல்லாம் வெச்சும் மழைக்காலத்துல எங்க ஸ்டோர்ல அட்டைப்பெட்டி நமத்துப் போய் கையோட வந்துடும். பேரிங் மேல பூசின கிரீஸைத் தாண்டி துரு ஏறிடும். 160 வருஷத்துக்கு முன்னாடி, கரண்ட் இல்லாம, அடிக்கடி மழை பெய்யற ஒரு மலை உச்சியில, டன் கணக்குல வெடிமருந்தைக் காய வெச்சுக் காப்பாத்தினவங்களோட கைவேலை சாதாரணமா? அந்தக் கட்டடத்தோட சுவரு எத்தனை அடி கனம், எந்தப் பக்கம் வாசல், காத்து எந்தத் திசையில இருந்து வந்துச்சு, இதெல்லாம் ஒரு ஊருக்கு வரலாறு இல்லையா? பீரங்கி மேடைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவுல எத்தனை அடி நடக்கணும்னு தெரிஞ்சாலே போதும், அந்தக் கோட்டை எப்படி மூச்சு விட்டுச்சுன்னு புரிஞ்சிடும்.

ஆஸ்பத்திரி, சமையக்கட்டு, கக்கூஸ், துணி துவைக்கற இடம், இதெல்லாம் இன்னும் மோசம், இதையெல்லாம் யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, ஓவியம் வரைய மாட்டாங்க. அந்தக் காலத்து படங்கள்ல கொடிமரம் இருக்கும், பீரங்கி இருக்கும், தொப்பி போட்ட துரை நிப்பாரு, பின்னாடி ஒரு ஓரத்துல ஓடு போட்ட கூரை ஒண்ணு பாதி தெரியும். அந்தப் பாதிக் கூரைதான் எனக்கு வேணும்.

1907ல கோட்டையை இடிச்சாங்க. கட்டி முடிச்சு 46 வருஷம்தான். அதுக்குள்ளயே அதோட காலம் முடிஞ்சுபோச்சு, பீரங்கி தூரம் போதல, எதிரி கப்பல் திருப்பிச் சுட்டா குண்டு கோட்டை மேல விழறதுக்குப் பதிலா கீழ ஊர் மேல விழும்னு அப்பவே பேச்சு இருந்துச்சு, அதுக்குள்ள செந்தோசா தீவுல, அன்னிக்கு அதுக்கு 'புலாவ் பிளாக்கங் மாத்தி'ன்னு பேரு, புதுக் கோட்டைங்க வந்துடுச்சு. அப்புறம் இந்த மலை மேல ஊருக்குக் குடிதண்ணி விடறதுக்கு மூடின நீர்த்தேக்கம் கட்டினாங்க, 1929ல முடிஞ்சது. இன்னிக்கும் வேலி போட்டு அங்கதான் இருக்கு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, இதை நான் அழுத்திச் சொல்றேன். இந்தத் தீவுல தண்ணியோட அருமை தெரியாதவன் யாரு? நீர்த்தேக்கத்தைத் தோண்டுங்க, வேலியைத் தொறங்கன்னு நான் கேக்கல. அது இருக்கட்டும், அதுவும் வரலாறுதான். அதைத் தோண்டினப்பதானே 1928ல கூலியாளுங்க கையில அந்த 14ஆம் நூற்றாண்டு தங்க நகை கிடைச்சுச்சு, ஜாவாக்காரங்க 'காலா'ன்னு சொல்ற கோரமான முகம் போட்ட, கையில மாட்டற வங்கி, நேஷனல் மியூசியத்துல பார்த்திருப்பீங்க. வெள்ளைக்காரன் கோட்டைக்கு அடியில 500 வருஷத்துக்கு முந்தின ராஜா வீட்டு நகை. மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுங்கறதுக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?

இப்ப ராஃபிள்ஸ் டெரஸ் பக்கம் போங்க. அங்க கொடிமரத்தோட மாதிரி ஒண்ணு நிக்குது. நேரம் காட்ட மேல ஏத்தி கீழ விடற பந்து ஒண்ணு இருந்துச்சே, அதோட மாதிரி இருக்கு. 1903ல இருந்து 1958 வரைக்கும் எரிஞ்ச கலங்கரை விளக்கத்தோட மாதிரி இருக்கு. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க, நான் மனசாரப் பாராட்டறேன், கப்பல்காரங்க அந்தப் பந்தைப் பார்த்து கடிகாரம் சரி பண்ணுவாங்கன்னு பேரப்பசங்களுக்குச் சொல்லும்போது அவங்க கண்ணு விரியுது. கீழ போனா பேட்டில்பாக்ஸ்ங்கற யுத்தகால நிலவறை, 1942ல வெள்ளைக்காரங்க ஜப்பான்காரங்ககிட்ட சரணடையற முடிவு எடுத்த ரூமு வரைக்கும் பார்க்கலாம். பென்கூலன் பக்கத்துல இருந்து வர்ற இளசுங்க எல்லாம் பினாங்கு ரோடு சுரங்கத்துல அந்தச் சுத்துப் படிக்கட்டு, மேல மரம், அங்க போட்டோ எடுக்க வரிசையில நிக்கறாங்க, ஒரு நாள் நான் ஏறும்போது பார்த்த அதே பொண்ணுங்க நான் ஒரு சுத்து நடந்துட்டு இறங்கும்போதும் வரிசையிலதான் இருந்தாங்க. அவ்வளவு பொறுமையா நிக்கற ஜனம் மேல ஏறி வந்தா அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட கேட்டும் ரெண்டு பீரங்கியும் தாண்டி இன்னும் ஏதாவது இருக்கணும்.

ஒசந்து நிக்கறதுக்கு எல்லாம் மாதிரி செஞ்சாச்சு. கொடிமரம், விளக்கு, பந்து, மூணும் தூரத்துல இருந்து பார்க்கறதுக்குன்னே வெச்சது. யாரும் பார்க்கக் கூடாதுன்னு மண்ணு மூடி, சுவர் கனமா எழுப்பி மறைச்சு வெச்சது மருந்துக் கிடங்கு. அது மறைஞ்சே போயிடுச்சு.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம்னு நீங்க கேக்கலாம். எங்க அப்பா மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார் கிட்டங்கியில சமையலுக்கு இருந்தவரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கிட்டங்கின்னா நீளமா ஒரே ஹாலு, வரிசையா ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் கொஞ்சம் இடம், ஒரு பெட்டகம், தரையில உக்காந்து எழுத சாய்வு மேசை, அங்கயே தொழில், ராத்திரி அங்கயே படுக்கை, பின்கட்டுல சமையல். அந்தப் பின்கட்டுதான் எங்க அப்பாவோட உலகம். சின்ன வயசுல நான் அங்க போவேன், மொதல்ல மிளகு ரசத்தோட வாசம் வரும், அப்புறம் பழைய கணக்குப் புத்தகத்தோட வாசம் வரும், ரெண்டும் கலந்த ஒரு வாசம், இன்னிக்கும் எங்கயாவது பழைய பேப்பர் கட்டைப் பிரிச்சா எனக்கு ரசம் ஞாபகம் வருது. 1970கள்ல அந்த வரிசை முழுக்க இடிச்சு பெரிய கட்டடம் வந்துடுச்சு. செட்டியாருங்க வட்டித்தொழில் பத்தி ஆராய்ச்சி எல்லாம் இருக்கு, நல்லது. எங்க அப்பா அடுப்பு இருந்த இடம் எதுன்னு கேட்டா எனக்கே காட்டத் தெரியல. போன வருஷம் அந்த ரோட்டுல நின்னு, இங்கயா, இல்ல அந்த லிஃப்ட் லாபி பக்கமான்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு வந்தேன்.

கிட்டங்கி, கிடங்கு. மலாய்க்காரங்க குடாங்னு சொல்வாங்க, வெள்ளைக்காரங்க கோடவுன்னு சொல்வாங்க, எல்லாம் கேக்கறதுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். துறைமுக ஊருக்கு சாமான் வெக்கற இடம்தான் உயிரு, அதனாலதான் மூணு பாஷைக்காரனும் அந்த வார்த்தையை விடல. ஊர்ப் பேரையும் பாருங்க. தோபி காட், வண்ணாருங்க ஓடையில துணி துவைச்சு பக்கத்துத் திடல்ல காயப் போட்ட இடம், ஓடையும் போச்சு, துணியும் போச்சு, பேரு எம்ஆர்டி ஸ்டேஷன்ல நிக்குது, மூணு லைன் சந்திக்குது. மேகசின் ரோடு, ஆத்துக்குப் பக்கத்துல, அங்க பழைய காலத்துல வெடிமருந்துக் கிடங்கு இருந்ததால வந்த பேரு, ரொம்ப பேர் ஏதோ புத்தகக் கடைன்னு நினைச்சுக்கறாங்க. சிப்பாய் லைன்ஸ், ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்குற பக்கம், மதராஸ் காலாட்படை சிப்பாய்ங்க தங்கின இடம். டேங்க் ரோடு, தண்ணிக் குளம் இருந்த ரோடு.

டேங்க் ரோடுன்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு முருகன்தான். தெண்டாயுதபாணி கோயில் 1859ல எழும்பினது, மேல கோட்டை வேலை ஆரம்பிச்ச அதே வருஷம். இதை நான் மொதல்ல கவனிச்சப்ப படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். மேல 400 பேர் மலையை வெட்டறாங்க, கீழ செட்டியாருங்க கோயில் கட்டறாங்க. அதுக்கு முன்னாடி அங்க குளத்தங்கரையில அரசமரத்தடியில வேல் வெச்சு கும்பிட்டாங்க, குளத்துக்கு இந்த மலையோட ஊத்துத் தண்ணிதான் வந்துச்சுன்னு கோயில் வரலாறு சொல்லுது. இப்ப மலை உச்சியில நீர்த்தேக்கம். தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து பால்குடம் எடுத்துட்டு நடந்து வந்து, கால் சுட்டு, கோயிலுக்குள்ள போற வரிசையில நின்னு அண்ணாந்து பார்த்தா மரத்துக்கு மேல அந்த மலைதான் தெரியும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான தமிழாளுங்க அந்த மலைக்கு அடியில வந்து நிக்கறோம், மேல என்ன இருந்துச்சுன்னு நம்ம பாஷையில ஒரு பலகை படிச்சா எவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

சரி, என்ன கேக்கறேன்னு தெளிவா சொல்லிடறேன். அந்தக் காலத்து பட்டாள எஞ்சினியருங்க பிளான் வரையாம ஒரு செங்கல்லு வெக்க மாட்டாங்க. அந்தக் கோட்டையோட பிளானை எடுத்து இன்னிக்கு மேப் மேல வெச்சுப் பாருங்க, வேலிக்கு வெளிய எந்தெந்தக் கட்டடத்தோட மூலை, சுவரு விழுதோ அந்த இடத்துல தரையோட தரையா ஒரு வரிசை செங்கல்லு பதிங்க. புல்லுக்கு நடுவுல ஒரு சாண் அகலம் போதும், புல்லு வெட்டற மெஷின் மேல போனாலும் தட்டாது, வீல்சேருக்கும் இடைஞ்சல் இல்ல. இது ஆயுத ஸ்டோர், இது ஆஸ்பத்திரின்னு நாலு பாஷையிலயும் பேரைப் பதிங்க, தமிழ்ல போடும்போது அகராதியைப் பார்த்து கஷ்டமான வார்த்தை போடாம வெடிமருந்துக் கிடங்குன்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும். நீர்த்தேக்கத்துக்குள்ள மாட்டிக்கிட்ட கட்டடங்களுக்கு வேலியில ஒரு பெரிய வரைபடம் மாட்டினா போதும், இங்க இருந்து இத்தனை மீட்டர் உள்ளன்னு அம்புக்குறியோட.

இன்னொண்ணு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி வெச்சு, செம்புப் பட்டை போட்ட பீப்பாய் ஒண்ணு, அந்த ஆணி இல்லாத செருப்பு ஒரு ஜோடி, கண்ணாடிக்குப் பின்னாடி வெக்கற விளக்கு ஒண்ணு, மாதிரியா செஞ்சு வெக்க முடியுமான்னு பாருங்க. பள்ளிக்கூடப் பசங்க வந்தா 31 கிலோ குண்டு ஒண்ணைத் தொட்டுத் தூக்கிப் பார்க்க விடுங்க. ஒரு தடவை தூக்கிப் பார்த்தவன் மறக்கவே மாட்டான். செந்தோசாவுல ஃபோர்ட் சிலோசோவுல குண்டும் மருந்தும் வெச்ச நிலவறை ரூமுங்களை ஜனங்க உள்ள போய் பார்க்கற மாதிரி வெச்சிருக்கறது எவ்வளவு பெரிய விஷயம், அந்த ரூமுக்குள்ள நின்னா வெளிய வெயில் அடிக்கறதே மறந்துடும், சுவத்துல கை வெச்சா சில்லுனு இருக்கும். அந்த அனுபவம் ஊர் நடுவுல இருக்குற மலையில கொஞ்சமாவது கிடைக்கட்டும்.

மூணாவதா, எனக்கு ரொம்ப முக்கியமா படறது. மலையில பைப்பு மாத்த, மரம் நட, நடைபாதை போட, எப்ப மண்ணைத் தோண்டினாலும் 14ஆம் நூற்றாண்டு மண்ணுக்குக் காட்டற அக்கறையை 19ஆம் நூற்றாண்டு செங்கல்லுக்கும் காட்டுங்க. 1984ல இருந்து இந்த மலையில அகழாய்வு நடக்குது, அதுல கிடைச்ச சீனப் பீங்கானும் கண்ணாடி மணியும் இந்தத் தீவோட கதையையே மாத்திடுச்சு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா கீழ இருக்கறதைத் தேடிப் போகும்போது மேல இருக்கற விக்டோரியா காலத்து அஸ்திவாரம், ஒரு ஓட்டுத் துண்டு, ஒரு செம்பு ஆணி, அதையும் எண்ணி, எழுதி, எந்த இடத்துல கிடைச்சதுன்னு குறிச்சு வைங்க. ஸ்டோர்ல ஒரு பழக்கம் உண்டு, எதுக்குன்னு தெரியாத பார்ட்டு கிடைச்சா தூக்கிப் போட மாட்டோம், ஒரு டேக் கட்டி, தேதி போட்டு, தனியா ஒரு ராக்குல வெப்போம். பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து, ஐயோ இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்னு சொல்வாரு. எத்தனை தடவை பார்த்திருக்கேன்.

இது முடியாத காரியம் இல்ல, இந்த ஊர்லயே நடந்திருக்கு. காத்தோங் பார்க்குக்கு அடியில ஒரு கோட்டை, ஃபோர்ட் தஞ்சோங் காத்தோங், 1879ல கட்டினது, 1901ல கைவிட்டு மண்ணுக்குள்ள போயிடுச்சு. அதுக்கு மேல பார்க்கு போட்டு, முன்னாடி இருந்த கடலையும் தூத்து, ஊரே மறந்துபோச்சு, ஃபோர்ட் ரோடுங்கற பேரு மட்டும் இருந்துச்சு. 2001ல புல்லு வழியா மதிலோட தலை தெரிஞ்சதை அக்கம்பக்கத்துல நடக்கப் போன ஆளுதான் மொதல்ல கண்டுபிடிச்சது, பெரிய நிபுணர் யாரும் இல்ல. 2004, 2005ல அங்க அகழாய்வு நடந்தப்ப அந்த வட்டாரத்து ஜனங்களே தொண்டூழியரா வந்து மண்வெட்டி பிடிச்சாங்க. கொத்தளம், அகழி எல்லாம் வெளிய வந்துச்சு, பார்த்து, அளந்து, எழுதிட்டு பத்திரமா திரும்ப மூடினாங்க. மூடி வெச்சா கூட பரவால்ல, இங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், அதான் நான் சொல்றது.

என் மாதிரி ஆளுங்க நிறைய பேர் இருக்கோம். பழைய ஹார்பர் வேலையாளுங்க, பிஎஸ்ஏ துறைமுகக் கிடங்குல வேலை பார்த்தவங்க, பட்டாளத்துல ஸ்டோர்மேனா நேஷனல் சர்வீஸ் பண்ணினவங்க. எங்களுக்குப் பட்டம் இல்ல, ஆனா ஒரு ரூமைப் பார்த்தா இதுல என்ன வெச்சிருப்பாங்க, கனமானது எந்தப் பக்கம், ஈரம் எங்க இருந்து ஏறும், வாசல் ஏன் இவ்வளவு அகலம்னு எங்களால சொல்ல முடியும். வரைபடத்தைக் காட்டுங்க, கூட உக்காந்து படிக்கறோம். செங்கல்லு பதிக்கற அன்னிக்கு ஆள் வேணும்னா வர்றோம், காசு வேணாம், காப்பி வாங்கிக் குடுத்தா போதும்.

நான் சனிக்கிழமை காலையில 7 மணிக்கு கேட்டுப் பக்கம் இருப்பேன், மழை பெஞ்சா வளைவுக்கு அடியிலயே நிப்பேன். உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு நாள் வாங்க. கேட்டுல இருந்து வேலி வரைக்கும் நான் அடி போட்டு எண்ணி வெச்சிருக்கேன், சரியான்னு ஒரு தடவை டேப்பு வெச்சு அளந்து பார்க்கணும். 30 மீட்டர் டேப்பு என்கிட்ட இருக்கு, ஒரு முனையைப் பிடிக்கத்தான் ஆள் வேணும்.

அன்போட,
ரிட்டயர் ஆன ஒரு ஸ்டோர்கீப்பர்